சொன்னவர் பெயர்

கீழப்பொட்டல் கலைக் கல்லூரியின் நூலகத்தில், மாணவர்கள் எழுதிக் கொடுக்கும் அசைன்மென்டுகளில் எது சொந்தச் சரக்கு, எது காப்பி என்று பார்ப்பதற்காக வாங்கிப் போட்டிருந்த மென்பொருள், இணையதளங்களின் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டு மனிதர்களின் பெயரைச் சொல்லத் தொடங்கியது ஆடி மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரைக்கு மின்சாரம் போய்ப் பன்னிரண்டே காலுக்குத் திரும்பி வந்த பிறகு. அன்றைக்கு முதலாவதாக ஏற்றப்பட்டது தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவி பேச்சித்தாயின் அசைன்மென்டு. தலைப்பு, தாய்மொழிக் கல்வியின் தேவை. நூலகர் தனிஸ்லாஸ் வழக்கம்போல அறிக்கையை அச்செடுத்து, வழக்கம்போல முத்திரை குத்தி, வழக்கம்போலப் படிக்காமலே நீட்டினார். வாங்கிப் படித்தவள் அந்தத் துறையின் கௌரவ விரிவுரையாளர் புஷ்கலை. ஆங்கில முகவரிகள் வரிசையாக வருகிற இடத்தில், சொன்னவர் என்று ஒரு கட்டம் போட்டு, வன்னியப்பெருமாள், பால் சங்கச் செயலாளர், தடம் எண் நான்கு பேருந்தில், பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு, என்று எழுதியிருந்தது.

புஷ்கலைக்கு ஆச்சரியப்பட நேரம் இல்லை. இன்னும் நாற்பத்தைந்து அசைன்மென்டுகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. அவள் பேச்சித்தாயைக் கூப்பிட்டு இது உண்மையா என்று கேட்டாள். பிள்ளை கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்து யோசித்துவிட்டு, ஆமாம் மேடம், அப்போது எனக்கு மூன்று வயது, எங்கள் அம்மா மடியில் இருந்தேன், முன் சீட்டில் அவர் யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தார் என்றாள். ஒப்புமை முப்பத்தொரு விழுக்காடு. பத்துக்கு மேலே போனால் பூஜ்யம் என்பது புஷ்கலை வைத்த சட்டம், அந்த மென்பொருளை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று மூன்று வருடம் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று பேசியவளும் அவள்தான், அதனால் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு அடுத்ததை எடுத்தாள். பிள்ளைகள் அவளுக்கு முட்டை மேடம் என்று பெயர் வைத்திருந்ததும், அந்தப் பெயரை முதலில் சொன்னவர் யார் என்று மென்பொருளிடம் கேட்டால் சொல்லிவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும், ஆனால் அவள் கேட்டதில்லை.

அந்த வாரத்துக்குள் நாற்பத்தாறு அசைன்மென்டுகளும் மனிதர்களைக் காட்டிக் கொடுத்துவிட்டன. கல்லூரி முதல்வர் இதை ஒரு அதிசயமாகப் பார்க்கவில்லை, ஒரு கோப்பாகப் பார்த்தார். கோப்புக்கு ஒரு சுற்றறிக்கை வேண்டும், சுற்றறிக்கைக்கு ஒரு படிவம் வேண்டும், ஆகவே மென்பொருள் யாரைக் காட்டுகிறதோ அவரிடம் தடையில்லாச் சான்று வாங்கி இணைத்தால் அந்த வாக்கியங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். கல்லூரி வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் அன்று மாலையே படிவத்தை அச்சடித்துக் கயிற்றில் தொங்கவிட்டார். அதில் இரண்டே வரிகள். முதல் வரி, மேற்படி வாக்கியங்கள் என்னால் சொல்லப்பட்டவை. இரண்டாவது வரி, அவற்றை இன்னார் தம் பெயரில் பயன்படுத்திக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே கையெழுத்துக்கு ஒரு கட்டம், எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் ரேகை வைக்கலாம் என்று கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு.

அதற்கப்புறம் ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம்தான் சொல்ல வேண்டியது. பிள்ளைகள் படிவத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தார்கள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களையும், கல்யாண வீட்டில் சத்தமாகப் பேசியவர்களையும், மூன்றாம் வகுப்பு வாத்தியாரையும், ரேஷன் கடையில் வரிசையில் நின்றவர்களையும் தேடித் தேடிப் போய்க் கையெழுத்துக் கேட்டார்கள். செத்துப் போனவர்களின் வாக்கியங்களுக்கு வாரிசுச் சான்று வேண்டுமென்று தாலுகா அலுவலகத்தில் கூட்டம் கூடியது. சொல்லுக்கு வாரிசு என்று ஒரு கலம் பதிவேட்டில் இல்லையே என்று இரண்டு நாள் தலையைச் சொறிந்த கிராம நிர்வாக அலுவலர், மூன்றாம் நாள் ‘இதர அசையும் பொருட்கள்’ என்ற கலத்தில் எழுதிக் கொடுக்கத் தொடங்கினார், எல்லாருக்கும் அது சரியாகவே பட்டது.

கல்லூரிக்குச் சம்பந்தமில்லாதவர்களும் வந்தார்கள். கவுன்சிலர் தன் சுதந்திர தின உரையைக் கொண்டுவந்தார். அது நூற்றுக்கு நூறு இன்னொரு கட்சிக் கவுன்சிலருடையது என்று வந்தது, அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நன்றி சொல்லிப் போனார். ஒரு பெண் இருபது வருடத்துக்கு முன்பு தன் புருஷன் எழுதிய காதல் கடிதங்களைக் கொண்டுவந்தாள். எல்லாம் அவருடைய சிநேகிதர் சொல்லிக் கொடுத்தவை என்று தெரிந்ததும் அவள் சண்டை ஒன்றும் போடவில்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிநேகிதரைச் சாப்பிடக் கூப்பிட்டுப் பக்கத்தில் நின்று பரிமாறினாள். கீரை விற்கிற ராமலட்சுமி எண்பத்தொரு வாக்கியங்களுக்குச் சொந்தக்காரி என்று தெரியவந்தது, அவள் கீரைக் கட்டை இறக்கி வைத்துவிட்டு, வந்தவர்கள் எல்லாரையும் வரிசையில் உட்காரச் சொல்லி, ஒவ்வொன்றையும் காதில் வாங்கி, இது நான் சொன்னதுதான், இதைச் சொன்னது எங்கள் மதினி, என்று பிரித்துக் கொடுத்து ரேகை வைத்தாள். டீக்கடையில் ஒரு வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் பேசத் தொடங்கினார்கள், ஆனால் பேசுவதற்கு முன்னால், இது எங்கள் சின்ன மாமா சொன்னது, என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மழை வரும்போல இருக்கிறது என்றார்கள். பிறகு அதுவும் மின்வெட்டு மாதிரி எல்லாருக்கும் பழகிவிட்டது.

புஷ்கலைக்கு மட்டும் பழகவில்லை. அவளுக்குள் அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்தே ஒரு பயம் உட்கார்ந்திருந்தது, அது நாளுக்கு நாள் ஊறிக்கொண்டிருந்தது. அவளுக்கு நாற்பத்து மூன்று வயது, பதினைந்து வருடமாக அதே கல்லூரியில் வருடா வருடம் புதுப்பிக்கப்படுகிற வேலை, புருஷனுக்கு நூற்பாலை மூடியதிலிருந்து வேலை இல்லை, பத்தாவது படிக்கிற ஒரு மகள். முனைவர் பட்டம் இல்லாதவர்களுக்கு இந்த வருடம் வேலையைப் புதுப்பிப்பதில்லை என்று முடிவாகிவிட்டது. அவளுடைய ஆய்வுப் பதிவுக்குப் பன்னிரண்டு வருடம் ஆகி, கொடுக்கிற நீட்டிப்பெல்லாம் கொடுத்தாகி, கடைசி நாள் ஆவணி மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. ஆய்வேடு தயாராகத்தான் இருந்தது, நூற்று அறுபது பக்கம். நூலகத்தின் ஒப்புமைச் சான்று ஒன்றுதான் பாக்கி.

அவளுடைய ஆய்வு, நான்காம் வார்டு நகராட்சிக் குழாயடியில் பெண்கள் பேசுகிற பேச்சைப் பற்றியது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு அவள் ஒரு செல்போனை ஏந்திக்கொண்டு எட்டு மாதம் அந்தக் குழாயடியே கதி என்று கிடந்தாள். சண்டைகளையும் வசவுகளையும் கேலிகளையும் பதிவு செய்தாள். அங்கே எல்லாருக்கும் மேலே குரல் கொடுத்தவள், தண்ணீர் வராத நாட்களில் குழாய்த் திண்டில் உட்கார்ந்து ஒவ்வொரு சண்டைக்கும் காரண காரியம் பிரித்து விளக்கியவள், சேர்மக்கனி. மற்றவர்கள் பேசியதையும் அவள் திருப்பிச் சொன்னபடியேதான் புஷ்கலை ஆய்வேட்டில் எடுத்துக்கொண்டாள். புஷ்கலை முதலில் எழுதிய வடிவத்தில் அந்தப் பேச்செல்லாம் பேச்சாகவே, மேற்கோள் குறிக்குள்ளே, பின்னிணைப்பில் ஒவ்வொருத்தி பெயரும் வயதும் தெருவும் போட்டு இருந்தது. போன வருடம் அதை மென்பொருளில் ஏற்றியபோது, அவளே பழைய ஆய்விதழ்களில் வெளியிட்ட கட்டுரைகளோடு ஒத்துப் போகிறதென்று முப்பத்து நான்கு காட்டியது. நெறியாளர், பேச்சு வழக்கை எல்லாம் ஆய்வு நடைக்கு மாற்று, மேற்கோள் குறியை எடு, பின்னிணைப்பை வெட்டு, விழுக்காடு தானாக இறங்கும் என்று வழி சொன்னார். கல்லூரியில் எல்லாரும் செய்கிற வழிதான் அது. அவளும் ஒரு வருடம் உட்கார்ந்து வரி வரியாக மாற்றினாள். எட்டுக்கு இறங்கியது, அன்றைக்கு அவள் வீட்டில் பாயசம் வைத்தாள்.

கடைசி வாரத் திங்கட்கிழமை ஆய்வேட்டை ஏற்றினார்கள். தனிஸ்லாஸ் இந்தத் தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் முத்திரையை எடுத்தார், எடுத்த முத்திரையைத் திரும்ப வைத்துவிட்டார். ஒப்புமை தொண்ணூற்று மூன்று விழுக்காடு. சொன்னவர், சேர்மக்கனி, நான்காம் வார்டு குழாயடி. பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் பூசியிருந்தது. மஞ்சள் படாத ஏழு விழுக்காட்டை இரண்டு பேரும் பார்க்கவில்லை. நிறம் பூசாத இடத்தை யார்தான் பார்க்கிறார்கள்.

படிவம் ஒன்றை வாங்கிக்கொண்டு அன்று பிற்பகலே புஷ்கலை நான்காம் வார்டுக்குப் போனாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் போகிறோம் என்பது தெருமுனையில் திரும்பும்போதுதான் அவளுக்கு உறைத்தது, உறைத்ததும் கூசியது. சேர்மக்கனிக்கு இப்போது அறுபத்தாறு வயது, முன்னறையில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்றுக்கொண்டிருந்தாள். புஷ்கலையைப் பார்த்ததும், வாங்க குடம் வச்ச டீச்சர், என்று கூப்பிட்டுக் கிரைண்டரை நிறுத்தினாள். கொல்லைப்புறத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போன பெண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்த புஷ்கலைக்கு, அது பேச்சித்தாய் என்பதும், சேர்மக்கனியின் மகள் வயிற்றுப் பேத்தி என்பதும் தெரிந்தபோது தண்ணீர் வாங்கிக் குடிக்கவே தயக்கமாக இருந்தது.

சேர்மக்கனி கோபமாக ஒன்றும் பேசவில்லை. என்னென்ன நான் சொன்னதென்று வாசித்துக் காட்டுங்கள், கேட்டுவிட்டு வைக்கிறேன் என்றாள். புஷ்கலை நாற்பத்தெட்டாம் பக்கத்தை வாசித்தாள். வளத்தின் முழுமையான இன்மையும் வளத்தின் நிறைவும் சமூக இணக்கத்தைத் தோற்றுவிக்க, இடைநிலைப் பற்றாக்குறையே முரண்பாட்டின் விளைநிலமாக அமைகிறது. சேர்மக்கனி தலையைச் சாய்த்துக் கேட்டாள், இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள், மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டுக் கையைத் துடைத்தாள்.

“இது நான் சொன்னதில்ல டீச்சர். படிச்சவங்க யாரோ சொல்லியிருக்காங்க. என் சொல்லு இல்லாததுக்கு நான் எப்படி ரேகை வைக்க?”

கம்ப்யூட்டர் உங்கள் பெயரைத்தான் சொல்கிறது என்று புஷ்கலை அறிக்கையைக் காட்டினாள். மஞ்சள் பூசிய பக்கங்களைப் புரட்டிப் புரட்டிக் காட்டினாள். சேர்மக்கனி பார்த்தாள், அழகாகத்தான் இருக்கிறது என்றாள், ஆனாலும் என்னுடையது இல்லை என்றாள். நூற்று நாற்பத்தொன்பது பக்கத்தில் அவள் தன்னுடையதென்று ஒத்துக்கொண்டது ஒரு வரிகூட இல்லை.

செவ்வாய்க்கிழமை புஷ்கலை முதல்வரிடம் போய் நின்றாள். சொன்னவரே நான் சொல்லவில்லை என்றால் என்ன செய்வது என்பதற்குச் சுற்றறிக்கையில் பத்தி இல்லை என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். மென்பொருள் சொன்னால் சொன்னதுதான், சான்று இல்லாமல் ஏற்க முடியாது. அப்படியானால் அந்த நூற்று நாற்பத்தொன்பது பக்கமும் யாருடையது என்று அவள் கேட்டாள். என்னுடையது என்று நான் சொன்னால் மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை, அவர்களுடையது என்று மெஷின் சொன்னால் அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, பின்னே யார் எழுதியது சார் அது. முதல்வர் தேநீர் சொல்லியனுப்பினார். அவள் குடிக்காமல் வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து, பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் அழுதாள்.

புதன்கிழமை அவளுக்குப் பழைய வடிவம் ஞாபகம் வந்தது. பீரோவில் தேடிப் பழைய பென்டிரைவை எடுத்தாள், திறந்தது. பேச்சு பேச்சாகவே இருந்தது, மேற்கோள் குறிகள் இருந்தன, பின்னிணைப்பும் பெயர்களும் இருந்தன. ஒரு வருடம் முதுகு ஒடிய உட்கார்ந்து மாற்றியதையெல்லாம் அவள் ஒரே நாளில் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையதை அச்செடுத்துக்கொண்டு, வியாழக்கிழமை மறுபடி நான்காம் வார்டுக்கு நடந்தாள். வாசலில் மாவு வாங்க வந்த நாலைந்து பெண்களும் உட்கார்ந்துகொண்டார்கள். அவள் அதே நாற்பத்தெட்டாம் பக்கத்தை வாசித்தாள். தண்ணி சுத்தமா வரலைன்னா நாங்க அக்கா தங்கச்சி. பத்துக் குடம் வந்தா சண்டை. நூறு குடம் வந்தா மறுபடியும் அக்கா தங்கச்சி.

சேர்மக்கனி சிரித்த சிரிப்பில் கிரைண்டர் மேலிருந்த தட்டு கீழே விழுந்தது. நான் சொன்னேன், நான் சொன்னேன், என்று தொடையில் தட்டிக்கொண்டாள். வாசிக்க வாசிக்க அவள் முந்திக்கொண்டு அடுத்த வரியைச் சொன்னாள், சில இடத்தில் இது இப்படியில்லை டீச்சர் என்று திருத்தினாள், எழுபதாம் பக்கத்தில் தன்னோடு ஆறு வருடம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்து செத்துப்போன எதிர்வீட்டு மாரித்தங்கத்தை அவள் வைத வசவு வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே வாசிக்கச் சொன்னாள். சாயங்காலம் ஆகிவிட்டது, எல்லாம் உன்னுடையதுதானா அக்கா என்று புஷ்கலை கேட்டாள். எல்லாம் என்னுடையதுதான் என்று சேர்மக்கனி சொன்னாள். மூன்று நாளில் முதல் தடவையாகப் புஷ்கலைக்கு மூச்சு வந்தது, படிவத்தையும் மைப்பெட்டியையும் எடுத்து வைத்தாள்.

சேர்மக்கனி படிவத்தையும் வாசித்துக் காட்டச் சொன்னாள். முதல் வரியைக் கேட்டுப் பெருவிரலை மையில் அழுத்தி முதல் கட்டத்தில் உருட்டி வைத்தாள். இரண்டாவது வரியைக் கேட்டுவிட்டு விரலைத் துணியில் துடைத்தாள்.

“முதல் வரிக்கு வச்சாச்சு. ரெண்டாவதுக்கு எதுக்கு டீச்சர்?”

அது இருந்தால்தான் செல்லும் என்று புஷ்கலை சொன்னாள். வேலை, பதிவு, வெள்ளிக்கிழமை ஐந்து மணி, மகள், எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் காலைப் பிடிக்கிற மாதிரிக் கிட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். சேர்மக்கனி அவளை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தாள். பிறகு உள்ளே போய் ஒரு எவர்சில்வர் குடத்தை எடுத்துவந்து மடியில் வைத்து, கழுத்தில் பெயர் வெட்டியிருந்த இடத்தை விரலால் தடவிக் காட்டினாள்.

“பாருங்க, என் பேரு. அன்னைக்கு நீங்க இரவல் கேட்டிய, குடுத்தேன். எத்தனை நாளு வேணும்னாலும் வச்சிக்கிடுங்க, தண்ணி எடுத்துக்கிடுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா என் பேர அரத்த வச்சுத் தேச்சிட்டு உங்க பேர வெட்டிக்கிட்டு வந்து, ஆட்சேபணை இல்லன்னு என்கிட்டயே எழுதிக் கேக்கியளே, இது நல்லாருக்கா?”

சேர்மக்கனி குடத்தைக் கீழே இறக்கி வைத்து, கோபம் இல்லாத குரலிலேயே, “உங்க வேலை போவக்கூடாது தாயி. அது எனக்கும் வருத்தம்தான். ஆனா என் பேத்தி பஸ்ல கேட்ட நாலு வரிக்கு ஒம்பது நாளு அந்தப் பால் சங்கத்துக்காரரு வாசல்ல நின்னு கையெழுத்து வாங்கிட்டு வந்தா. தேதி முடிஞ்சிட்டுன்னு நீங்க அப்பவும் முட்டைதான போட்டிய,” என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பேச்சித்தாய் காப்பி கொண்டுவந்து வைத்தாள். புஷ்கலை அதைக் குடித்தாள், குடித்துவிட்டுப் போய்வருகிறேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை நான்கேகால் மணிக்கு அவள் நூலகத்துக்குள் வந்தபோது தனிஸ்லாஸ் ஒருவர்தான் இருந்தார். பழைய வடிவத்தை அவள் பெயரில் ஏற்றினார்கள். மேற்கோள் குறி போட்டிருந்தும் தொண்ணூற்று மூன்று வந்தது, இவ்வளவு மேற்கோள் இருந்தால் அதை மேற்கோள் என்று சொல்ல முடியாது என்று அடியில் ஒரு குறிப்பும் வந்தது. தனிஸ்லாஸ் படிவத்தை வாங்கிப் பார்த்தார். ஒரு கட்டத்தில் ரேகை இருந்தது, ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. அவர் மேசை இழுப்பறையிலிருந்து முத்திரைக்கு வைத்திருக்கும் மைப்பெட்டியை எடுத்துத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். வெளியே யாரோ கூப்பிட்டதுபோல எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் பதினைந்து வருடமாக அவளை அறிந்தவர், அவளுக்கு அவர் செய்யக்கூடிய உதவி அது ஒன்றுதான்.

புஷ்கலை பெருவிரலை மையில் அழுத்தினாள். வெறும் கட்டத்துக்கு மேலே விரலைக் கொண்டுபோனாள். ரேகைக்கும் ரேகைக்கும் வித்தியாசம் பார்க்க அந்தக் கல்லூரியில் ஆள் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். மகள் முகத்தை நினைத்தாள், புருஷன் முகத்தை நினைத்தாள், வேலை போன பிறகு வீட்டில் என்ன செய்வது என்று நினைத்தாள். பக்கத்துக் கட்டத்தில் சேர்மக்கனியின் ரேகை நடுவில் ஒரு வெட்டுத் தழும்போடு பதிந்திருந்தது. அந்தத் தழும்பு அரிவாள்மனையில் பட்டது, பட்ட அன்றைக்குப் பக்கத்திலிருந்து துணி சுற்றிவிட்டவள் புஷ்கலைதான். அவளால் விரலை இறக்க முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நான்கு நாற்பத்தைந்து ஆகியிருந்தது.

“சார், ஆசிரியர் பெயர்ங்கிற எடத்துல வேற பேரு போடலாமா?”

போடலாம், அந்த மெஷின் அதையெல்லாம் கேட்காது, ஆனால் பல்கலைக்கழகம் கேட்கும் என்று தனிஸ்லாஸ் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். பதிவு செய்யாத ஆள் பெயரில் போனால் திங்கட்கிழமையே திரும்பி வந்துவிடும் மேடம், ஐந்து மணிக்கு மேல் உங்கள் பதிவும் இருக்காது, யோசித்துக்கொள்ளுங்கள். அவள் யோசித்துவிட்டேன் என்றாள். அவரைக் கூப்பிடாமல் அவளே நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள், பன்னிரண்டு வருடம் அந்த இடத்தில் இருந்த பெயர் அழிவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. அந்த இடத்தில் சேர்மக்கனி என்று அடித்தாள். விசைப்பலகையில் மூன்று நான்கு எழுத்துகளின் மேல் நீல மை ஒட்டிக்கொண்டது.

அறிக்கை வர ஆறு நிமிடம் ஆனது. ஒப்புமை ஏழு விழுக்காடு, சமர்ப்பிக்கத் தகுதி உடையது என்று இருந்தது. அந்த ஏழு விழுக்காட்டின் மேல் முதல் தடவையாக மஞ்சள் பூசியிருந்தது. அது கள அனுபவம் என்ற பதினோரு பக்கம். இதில் ஆய்வு எங்கே இருக்கிறது, வெட்டிவிடு என்று நெறியாளர் சொல்லி, பக்கக் கணக்கு குறையுமே என்று அவள் விட்டுவைத்தது. அவள் குனிந்து படித்தாள். முதல் இரண்டு நாள் என்னிடம் யாரும் பேசவில்லை. மூன்றாம் நாள் சேர்மக்கனியிடம் ஒரு குடத்தை இரவல் வாங்கி நானும் வரிசையில் வைத்தேன். என் முறை வந்தபோது தண்ணீர் நின்றுவிட்டது. அன்றிலிருந்து எல்லாரும் என்னிடம் பேசினார்கள். அதற்கு எதிரே, சொன்னவர் என்ற கட்டத்தில், புஷ்கலை, நான்காம் வார்டு குழாயடி, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, என்று எழுதியிருந்தது.

தனிஸ்லாஸ் வந்து பார்த்துவிட்டு, பத்துக்குக் கீழேதான் மேடம், படிவம் ஒன்றும் தேவையில்லை என்றார். அவள் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து உபரியாக வாங்கி வைத்திருந்த இன்னொரு படிவத்தை எடுத்து மேசையில் விரித்தாள். மேற்படி வாக்கியங்கள் என்னால் சொல்லப்பட்டவை என்ற வரியை ஒரு தடவை வாய்விட்டு வாசித்தாள். அவற்றை இன்னார் என்ற இடத்தில் சேர்மக்கனி என்று பேனாவால் எழுதினாள், ஆட்சேபணை இல்லை என்பதையும் வாசித்தாள். கையெழுத்துப் போடுவதற்காக அவர் பேனாவை மறுபடி அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். கல்லூரியின் ஐந்து மணி அடிக்கத் தொடங்கியது, அவள் விரலில் மை இன்னும் காயவில்லை. இரண்டு கட்டத்திலும் பெருவிரலை வைத்தாள்.